முதலில் இருமியது யார்

எங்கள் சலவை ஆலையின் நடுவே ஒரு சுவர் உண்டு. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வரும் விரிப்பு, துண்டு, கவுன் எல்லாம் மூட்டை மூட்டையாக அழுக்குப் பக்கத்தில் இறங்கும். அங்கே பிரித்து, சுவரில் பதித்து வைத்த பெரிய மெஷின்களுக்குள் திணிப்பார்கள். அந்த மெஷினுக்கு இரண்டு வாய். இந்த வாயில் போட்டது அந்த வாயில் வெளுத்து வரும். சுவரைத் தாண்ட அனுமதி துணிக்கு மட்டும்தான். அழுக்குப் பக்கத்து ஆளுக்கு வேறு வாசல், வேறு கழிப்பறை, வேறு டீ மேசை.

துணிக்கு இருக்கிற சுதந்திரம் தொழிலாளிக்கு இல்லை என்று அந்தக் காலத்தில் சங்கத்தின் துண்டறிக்கை ஒன்றில் எழுதினேன். கைதட்டல் கிடைத்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தச் சுவரைக் கட்டியவன் காரணத்தோடுதான் கட்டியிருந்தான். ஒருவர் படுத்து நோயில் புரண்ட விரிப்பு இன்னொருவருக்கு நோயைக் கொடுக்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ஸ்டீம் அக்கா சுத்தப் பக்கத்து ஆள். துவைத்து வந்த திரைச்சீலையும் யூனிஃபார்மும் கம்பியில் தொங்கும் ஒரு நீண்ட அறை. பாய்லரிலிருந்து குழாய் வழியாக ஆவி வரும். திருகைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. அந்த அறைக்கு அவள்தான் ராணி. இரண்டு முன்னங்கையிலும் சூட்டுத் தழும்புகள், பழசும் புதுசுமாக. மடிப்பு மேசைக்குச் சின்னப் பெண்ணாக வந்து சேர்ந்தவள். அப்பா போய்விட்டார், அம்மா படுக்கை, கையில் ஒரு தங்கச்சி. தங்கச்சியைப் படிக்க வைத்தது, வளர்த்தது, கரையேற்றியது எல்லாம் இவள்தான். இவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அந்த மனுஷன் கொஞ்ச நாள் இருந்தார், பிறகு காணவில்லை. யாராவது விசாரித்தால், "போன எடத்துல நல்லா இருக்கட்டும். திரும்பி மட்டும் வர வேணாம்" என்பாள். அதற்குமேல் அந்தக் கதையில் எதுவும் கிடையாது.

தங்கச்சிக்கு மாப்பிள்ளையை அவள் அழுக்குப் பக்கத்திலிருந்தே பிடித்தாள். மூட்டை பிரிக்கிற பையன்களில் குடிக்காதவன், அதிகம் பேசாதவன், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். மடிப்பு மேசையில் ஒரு பெரியவர் இருந்தார், எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பவர். அவர் கேட்டார்:

"ஏம்மா, போயும் போயும் அழுக்குப் பக்கத்துலயா பொண்ணக் குடுக்குற?"

"துணியெல்லாம் அங்கேருந்துதானே பெரியவரே வருது? வெளுத்து எடுத்துக்கலாம்."

அன்றிலிருந்து ஆலை முழுக்க அவனுக்கு மாப்பிள்ளை என்றே பேர். பாய்லர் பார்க்கும் ஃபிட்டருக்கும் மாப்பிள்ளை, வேன் ஓட்டுகிறவனுக்கும் மாப்பிள்ளை. அவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, நடுவில் சமையல் இடம். பின்னறையில் தங்கச்சியும் மாப்பிள்ளையும் அவர்களின் சின்ன மகளும். முன்னறையில் அக்கா. தங்கச்சி வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் எல்லாரும்தான் இருமினார்கள். அப்போது தூரதேசத்து நோய் ஒன்றைப் பற்றி டிவியில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நம் ஊருக்கு வரவில்லை என்றார்கள். மாப்பிள்ளைக்கு இருமல் பிடித்தது. வறட்டு இருமல், நிற்கவே இல்லை. மூட்டை அறையில் சன்னல் கிடையாது. அக்கா பாய்லருக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து அவனைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து கொஞ்ச நேரம் நில்லு தம்பி. நெஞ்சு எளகும்."

"அந்தப் பக்கம் வரக்கூடாதுக்கா. சூப்பர்வைசர் கத்துவாரு."

"அவரு டீ குடிக்கிற நேரம். வா."

அவன் வந்தான், நின்றான், கொஞ்சம் இளகியது. மறுநாள் இன்னொருவனைக் கூட்டிவந்தான். அப்புறம் மடிப்பு மேசைக்காரர்கள் வந்தார்கள். நோய் நம் ஊருக்கும் வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் கூட்டம் இரண்டு மடங்கானது. வெளியாளுக்கு இது வெறும் முட்டாள்தனமாகத்தான் தெரியும். நாங்கள் சலவைக்காரர்கள். கிருமி பிடித்த விரிப்பு ஆவியில் வெந்து சுத்தமாவதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள். துணியில் சாகிறது நெஞ்சிலும் சாகும் என்று நம்பினோம். வேறு எந்தத் தொழில் செய்கிறவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். சுவருக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் கதவு சாத்திய ஒரே அறையில், தோளோடு தோள் உரசி, வாயைத் திறந்து மூச்சை இழுத்து விட்டோம். ஆலை வரலாற்றில் அப்படி ஒரு ஒற்றுமையைச் சங்கத்தால்கூட உண்டாக்க முடிந்ததில்லை.

அங்கே நடந்த விவாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகங்கள் தெரியாது. ஆவிக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். வேன் ஓட்டுகிறவனுக்கு ரேடியோ என்று பட்டம், நாள் முழுக்கச் செய்தி வாசிப்பான்.

"இது லேப்ல செஞ்சதுதான். நான் சொல்றேன், எழுதி வெச்சுக்கோங்க."

"நீ லேப்ப எங்க பாத்த?" இது ஃபிட்டர். "ரத்தம் குடுக்கப் போயி ஊசியப் பாத்துட்டு மயங்கி விழுந்த ஆளு நீ."

"அப்ப நீ சொல்லு, எங்கேருந்து வந்துச்சு?"

"சந்தையிலேருந்துங்கிறாங்க. வௌவாலுக்கு இருந்து, அதுலேருந்து வேற ஏதோ மிருகத்துக்குப் போயி, அப்புறம் மனுஷனுக்கு."

"வௌவாலு பாட்டுக்குத் தலகீழா தொங்கிட்டிருக்குது. அது மேல ஏன்யா பழியப் போடுறீங்க?" அக்காவின் குரல்.

"பழி போடலக்கா. சயின்ஸ் சொல்றேன்."

"உன் சயின்ஸ ஓரமா நின்னு சொல்லு. திருகு மேல சாயாத, வெந்துடுவ."

மடிப்பு மேசைப் பெரியவர் ஒரு மூலையில் இருந்தார். எல்லாரும் ஓய்ந்ததும் அவர் முடித்து வைத்தார். "லேபும் இல்ல, சந்தையும் இல்ல. இது சும்மா சளி. போன குளிர்லயே எனக்கு வந்து போயிடுச்சு. அப்ப டிவில சொல்லல, அதனால யாரும் சாகல. பேரு வெச்சாங்க, சாவு ஆரம்பிச்சுடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து இருமினார்கள்.

ஊரை மூடினார்கள். எங்களை மூடவில்லை. ஆஸ்பத்திரிக்கு விரிப்பு வேண்டுமே. தொற்று உள்ளவர்களின் துணி என்று காட்டும் சிவப்புப் பையில் மூட்டைகள் வந்தன, வழக்கத்தைவிட அதிகமாக. பை கிழிந்து வந்தது, கையுறை போதவில்லை. மூட்டை அறை ஆட்கள் துவைத்த பழைய தலையணை உறையைக் கையில் கட்டிக்கொண்டு பிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக விழுந்தோம். பலர் எழுந்துவிட்டோம். மாப்பிள்ளை எழவில்லை. மடிப்பு மேசைப் பெரியவர் எழவில்லை, அவருக்குச் சர்க்கரை இருந்தது, அதனால்தான் போனார், இதனால் இல்லை என்று அவருடைய மகனே சண்டை போட்டான். ஃபிட்டர் கடைசியாகப் போனார். மூன்று பேரையும் கடைசியில் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பெரிய விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே தொடங்கியது, எப்போது தொடங்கியது, எத்தனை மோசம் என்று படித்தவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்த்தது வேறு. அந்தக் கேள்வி தேசங்களை எல்லாம் விட்டுவிட்டு எங்கள் ஆலைக்குள் வந்தது. யார் கொண்டு வந்தது என்று கேட்டது. ஆலைக்குள் வந்து, ஸ்டீம் ரூமின் கதவில் வந்து நின்றது. நிர்வாகம் சொன்னது: விதிப்படி சுவரைத் தாண்டக்கூடாது, அக்கா கதவைத் திறந்தாள், கூட்டம் சேர்த்தாள், நோய் அங்கேதான் பரவியது, ஆஸ்பத்திரி மூட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோயில் விழுகிற வரைக்கும் அந்த அறைக்கு வந்து போன அத்தனை பேரும், பிழைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அதையே சொல்லத் தொடங்கினார்கள். ரேடியோவே சொன்னான். "அக்கா நல்ல மனசுலதான் செஞ்சாங்க, ஆனா செஞ்சாங்கள்ல?"

அக்காவுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது வீடு.

மாப்பிள்ளையின் காரியம் முடிந்த அன்று தங்கச்சி ஒரு வார்த்தை சொன்னாள். "உன் ரூமுக்கு வந்துதான் அவருக்கு வந்துச்சு." அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே அடுப்பில் சமையல், ஒரே குழாயில் தண்ணீர், பேச்சு மட்டும் இல்லை. எதையாவது சொல்ல வேண்டுமானால் மகளிடம் சொல்வாள். "பெரியம்மாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துடுச்சுன்னு." பெரியம்மா இரண்டு எட்டில்தான் நின்றுகொண்டிருப்பாள். குழந்தை திரும்பி, "பெரியம்மா, கேஸ் தீந்துடுச்சாம்" என்று ஒப்பிக்கும். "சரின்னு சொல்லு." "சரியாம், அம்மா." அந்தப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

தங்கச்சி தன் மாமியார் ஊருக்குப் போய்விடுவதாக முடிவு செய்திருந்தாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, மொத்தமாக. வெளியூர் பஸ் ஓடத் தொடங்கியதும் கிளம்புவது என்று பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. இவள் வளர்த்த தங்கச்சி, இவள் தோளில் தூங்கிய பிள்ளை. அக்கா ஆலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகப் பின்னறையை எட்டிப் பார்ப்பாள், பெட்டி இருக்கிறதா என்று.

தொழிலாளர் துறை விசாரணை அறிவித்தது. நான் அப்போது சங்கச் செயலாளர். வழக்கு எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளை ஸ்டீம் ரூமுக்கு வந்ததே இருமலோடுதான். ஸ்டீம் ரூம் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அவனுக்கு நோய் இருந்தது என்றால், அது மூட்டை அறையில் பிடித்தது என்று வாதாட இடமிருக்கிறது. அக்காவும் தப்புவாள், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் நியாயம் கிடைக்கும், நிர்வாகம் மாட்டும். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் நிர்வாகத்துக்குப் பயப்படாமல் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே உட்கார்ந்தோம், இடைவெளி விட்டு.

"வாங்க தலைவரே. டீ வெக்கட்டா, இல்ல அறிக்கை குடிச்சுட்டுதான் வந்தீங்களா?"

"கிண்டல அப்புறம் வெச்சுக்கலாம். விசாரணைல ஒண்ணே ஒண்ணு சொல்லு. மாப்பிள்ளை மொதல்லேருந்தே இருமிட்டிருந்தான், அதனாலதான் கூப்பிட்டேன்னு. உள்ளது அதுதானே?"

"உள்ளதுதான்."

"அப்புறம் என்ன?"

அவள் பின்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "அப்ப மொதல்ல கொண்டு வந்தவன் அவன்னு ஆயிடும்ல?"

"அவன் எங்க கொண்டு வந்தான்? மூட்டை கொண்டு வந்துச்சு."

"நீங்க மூட்டைன்னு சொல்லுவீங்க. பெரியவர் வீட்டுக்காரம்மா என்ன சொல்லும்? ஃபிட்டர் பசங்க என்ன சொல்லுவாங்க? அவனாலதான் எங்கப்பா போனாருன்னு சொல்லுவாங்க. அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போகணும் தலைவரே."

"உன் பேரு நாறுதே, அது பரவால்லையா?"

"மூட்டைக்கு மக இல்ல. எனக்கும் இல்ல. அவனுக்கு இருக்கு."

நான் வழக்கமாகப் பேசுகிற எல்லாவற்றையும் பேசினேன். ஒரு ஆளின் பேரைக் காப்பாற்ற எல்லாருடைய உரிமையையும் விடுவது சரியா என்று கேட்டேன். அவள் யோசிக்கிறேன் என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்கிற தொழிலாளி எந்தப் பக்கம் போவான் என்று எனக்கு அனுபவம் உண்டு. ஆனாலும் நம்பிக்கொண்டு வந்தேன்.

விசாரணை ஆலை கேன்டீனில் நடந்தது. தரையில் டேப் ஒட்டி நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். அதிகாரி ஒரு அம்மா. முகக்கவசம், அதற்குமேல் பிளாஸ்டிக் தடுப்பு, அவர் பேசுவது பாதி கேட்காது. அவரும் களைத்துத்தான் இருந்தார். காலையிலிருந்து இதே போல வேறு ஏதோ ஆலையில் முடித்துவிட்டு வந்திருந்தார் போலிருக்கிறது. பர்சனல் மேனேஜர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இறந்தவர்களின் வீட்டார் எப்போது காய்ச்சல் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். தங்கச்சியை முதலில் கூப்பிட்டார்கள். அக்கா பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு எப்போ இருமல் ஆரம்பிச்சுச்சும்மா?"

தங்கச்சி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அவரு நல்லாத்தான் இருந்தாரு. ஸ்டீம் ரூமுக்குப் போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

மேனேஜர் பேனாவை மூடினார். எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பரவாயில்லை, அடுத்தது அக்கா, அவள் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அக்கா எழுந்து நின்றாள்.

"உங்க தங்கச்சி சொல்றது சரியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சரிதான் மேடம்."

"இருமல் இல்லாத ஆள எதுக்கு உள்ள கூப்பிட்டீங்க? அந்தப் பக்கத்து ஆள் வரக்கூடாதுன்னு விதி இருக்கே?"

"குளிரா இருந்துச்சு. கொஞ்சம் காஞ்சுட்டுப் போகட்டும்னு கூப்பிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நான் மேசையைத் தட்டி எழுந்தேன். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். எழுந்து என்ன சொல்ல? பொய் சொல்கிறாள் என்றா? என் சாட்சியே அவள்தான். விசாரணை அத்தோடு முடிந்தது. வெளியே வந்ததும் அவளிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், "முடிஞ்சுதா தலைவரே? பஸ் போயிடும்" என்றாள்.

பஸ்ஸில் நடந்ததை இரண்டு பேரும் பின்னாளில் தனித்தனியாகச் சொன்னார்கள். தங்கச்சி, "எழுதிக்கோங்க, இனிமே யாரு என்ன பண்ணப் போறாங்க" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

மத்தியான வெயில். வண்டியில் கூட்டம் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு சீட்டில் குறுக்குக்கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், அங்கே உட்காரக்கூடாது. அக்கா சன்னலோரம் உட்கார்ந்தாள். தங்கச்சி வேறெங்காவது போவாள் என்று நினைத்தாள். அவள் அதே வரிசையில், கோடு போட்ட சீட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "ஏன் ஆமான்னு சொன்ன?" என்ற குரல் கேட்டது. தங்கச்சி போனில் பேசுகிறாள் என்றுதான் அக்கா நினைத்திருக்கிறாள். அத்தனை மாதமாகத் தன்னிடம் பேசாத குரல்.

"உன்னத்தான். ஏன் ஆமான்னு சொன்ன?"

"நீ சொன்ன. நானும் சொன்னேன்."

"நான் சொன்னது பொய். அவரு வீட்லயே இருமிட்டிருந்தாரு. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"உன் வேலை போயிடும்."

"போனா போகுது. அந்த ரூமுல நின்னு நின்னு காலு ரெண்டும் தூணு மாதிரி வீங்கிப் போச்சு."

கண்டக்டர் வந்தார். "மாஸ்க்க மூக்கு மேல ஏத்தும்மா. தாடைக்கா நோயி வருது?" தங்கச்சி ஏற்றிக்கொண்டாள். அவர் போகும்வரை இரண்டு பேரும் வெளியே பார்த்தார்கள்.

"அவருக்கு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?"

"மூட்டையிலேருந்து. தலைவர் தலையால அடிச்சுக்கிட்டு சொல்றாரே."

"மூட்டை இல்லக்கா. நான்."

அக்கா திரும்பினாள்.

"எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. கவுன்ட்டர்லேருந்து வந்து உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. நீ மாத்திரை குடுத்த, மறந்துட்ட. அந்த வாரந்தான் அடுப்புல பால வெச்சுட்டுப் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன். தீஞ்சு பொகையாயிடுச்சு, எனக்குத் தெரியவே இல்ல. வாசல்லேருந்து அவரு ஓடி வராரு. மூக்க எங்கடி அடகு வெச்சன்னு கேட்டு சிரிச்சாரு. அதுக்கப்புறந்தான் அவரு இருமுனாரு."

தங்கச்சி கோடு போட்ட சீட்டைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

"அவரு ஆஸ்பத்திரில கெடக்கும்போது டிவில சொன்னாங்க, இந்த நோயி வந்தா வாசனை தெரியாதுன்னு. நான் டிவிய நிறுத்திட்டேன். புள்ள ஏம்மா நிறுத்துறன்னு கேட்டுச்சு. கரன்ட்டு வீணாகுதுன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. எங்கயாவது எறக்கி வெக்கணும்ல. உன் மேல போட்டேன். நீ தாங்குவன்னு நெனச்சேன்."

இரண்டு நிறுத்தம் போயிற்று. ஆட்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"உனக்கு யாரு குடுத்தா?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்? எல்லா ஊருக்காரங்களும் வராங்க. கண்ணாடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல வாய வெச்சுத்தான் ஊரு பேரு சொல்லுவாங்க. பாதிப் பேரு இருமிக்கிட்டேதான் சொன்னாங்க."

"அவங்களுக்கு யாரு குடுத்தா?"

"தெரியாது."

"உனக்கே தெரியல, அப்புறம் நீதான்னு எப்படிச் சொல்ற? மூட்டையாவும் இருக்கலாம். நானாவும் இருக்கலாம். எனக்கும் அந்த நேரத்துல தொண்டை கட்டித்தான் இருந்துச்சு. யாரு கண்டா."

"சமாதானத்துக்குச் சொல்றியா?"

"இல்ல. நெசமா தெரியல."

தங்கச்சி முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்தாள். "கோவமா இருக்கா என் மேல?"

"இருக்கு. நெறைய இருக்கு. இத்தன மாசம் என்னப் பேயா பாத்தல்ல. ஆனா இப்ப முடியலடி. தூக்கம் வருது. வீட்டுக்குப் போயி படுக்கணும்." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "ஊருக்கு எப்பப் போற?"

"தெரியல."

"பள்ளிக்கூடம் தொறக்கட்டும். புள்ள படிப்பு கெடாம பாத்துட்டு, அப்புறம் யோசி."

"சரி."

பள்ளிக்கூடம் அந்த வருஷம் திறக்கவே இல்லை.

விசாரணை அறிக்கை வந்தது. நோய் ஆலைக்குள் எப்படி வந்தது என்பதை உறுதியாக நிர்ணயிக்க இயலவில்லை, விதிமீறல் மட்டும் நிரூபணமாகிறது என்று எழுதியிருந்தார்கள். அக்காவை வேலையை விட்டு நீக்கவில்லை. ஸ்டீம் ரூமிலிருந்து எடுத்து மடிப்பு மேசையில் போட்டார்கள், செத்துப்போன பெரியவர் இருந்த இடத்தில். பாய்லருக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கதவுக்கு வெல்டிங் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு மூட்டை அறைக்கு நல்ல கையுறை வந்தது, அதை வாங்க நாங்கள் தனியாக ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. மூட்டைதான் காரணம் என்று நிறுவ எங்களுக்கு இருந்த ஒரே சந்தர்ப்பம் அன்று கேன்டீனில் போயிற்று. பெரியவர் வீட்டுக்காரம்மா, எல்லாம் தெரிந்ததாலோ தெரியாததாலோ, இன்றுவரை அக்காவைக் கண்டால் தெருவின் அடுத்த ஓரத்துக்குப் போய்விடுகிறார். அந்த அம்மாவிடம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவும் சொல்வதில்லை.

சங்கக் கணக்கில் அது தோல்வி. பல வருஷம் அவள்மேல் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போதும் முழுதாகப் போய்விடவில்லை.

அக்காவின் கோபம் அறிக்கை வந்து சில வாரம் கழித்துத்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் தெருவிலிருந்து ரேடியோ எனக்குப் போன் செய்தான். "தலைவரே, கெளம்பி வாங்க, அக்காவும் தங்கச்சியும் சட்டிய ஒடைக்கிறாங்க." போனேன். தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் வாளியில் யார் துணி ஊறவைத்தது என்று ஆரம்பித்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது, வளர்த்த கணக்கு, கட்டிக்கொடுத்த கணக்கு, பேசாமல் இருந்த கணக்கு எல்லாம் வெளியே வந்துவிட்டது. அக்காவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. தங்கச்சி விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் இவள் வளர்த்த பிள்ளைதானே. இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனால் ஒருத்தியும் நிறுத்துவதாக இல்லை. உள்ளே பின்னறையில் பெட்டி பிரித்துக் கிடந்தது. பிள்ளையின் உடுப்புகள் பழையபடி அலமாரிக்குப் போயிருந்தன.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சமாதானம் பேச வாயைத் திறந்தேன். அக்கா ஒரு கையை என் பக்கம் நீட்டினாள், அந்தத் தழும்புக் கையை.

"தலைவரே, இதுல சங்கத்துக்கு வேலை இல்ல. அந்தப் பக்கமா உக்காருங்க. முடிச்சுட்டு டீ போடுறோம்."